கோழிவலை, தோல் வாசர், ஐந்து வோட்டு

இஸ்ரோவின் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றிய படம். 1981. பார்க்காதவர் குறைவு. ஏழை நாடு, வேறு வண்டி கிடைக்கவில்லை என்று இன்றும் அதன் கீழே எழுதுகிறார்கள்.

காரணம் அதுவல்ல. ஆண்டெனாவைச் சோதிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உலோகம் இருந்தால் அலை அதில் பட்டுத் திரும்பும், அளவு கெடும். லாரி இரும்பு. மாட்டுவண்டி மரம்.

திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம். தமிழர். பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்டி தெரிகிறது, இவரைத் தெரிய வேண்டாமா?

மேலே போனதும் சூரியத் தகடு ஒன்று விரியவில்லை. மிச்சமிருந்த தகட்டை வைத்துக்கொண்டே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. படத்தில் வராத விஷயம்.

*

1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருஷம். அமெரிக்காவின் செயற்கைக்கோள், இரவல். ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி. விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம். தமிழ்நாடு அதில் இல்லை.

டிஷ் மூன்று மீட்டர் அகலம். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையில் செய்தது.

வலையின் ஓட்டை அலையின் நீளத்தைவிட நன்றாகச் சின்னதாக இருந்தால் போதும். அலைக்கு அது முழுத்தகடு மாதிரிதான். காற்றுக்கு மட்டும் ஓட்டை. எவ்வளவு அழகான கணக்கு!

கொழும்பில் ஆர்தர் கிளார்க் வீட்டிலும் ஒரு டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட செயற்கைக்கோள்களைப் பற்றி 1945இலேயே எழுதியவர்.

*

மெக்சிகோவிலிருந்து வந்த கோதுமை. விளைச்சல் அமோகம். மணி சிவப்பு.

சப்பாத்தி சுடுகிற வீடுகளில் எடுபடவில்லை. வெளிர் மஞ்சள் மணியாகப் பொறுக்கியெடுத்த பிறகு கல்யாண் சோனா, சோனாலிகா ரகங்கள். வயலெல்லாம் பரவியது அவைதான்.

சி. சுப்பிரமணியம் அமைச்சராக இருந்தபோது டெல்லி பங்களாவின் புல்தரையில் அந்தக் கோதுமையை விதைத்தார்.

*

வோட்டுப் போடும்போது விரலில் வைக்கிற மை. சில்வர் நைட்ரேட். தோலில் இருக்கிற உப்போடு சேரும், வெளிச்சம் பட்டால் கறுக்கும். சோப்புக்குப் போகாது. அந்தத் தோல் உதிர்ந்து புதுத்தோல் வந்தால்தான் போகும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் கொடுத்த செய்முறை. 1962இலிருந்து மைசூரில் தயாராகிறது.

*

வோட்டு மெஷின். பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அதன் பின்னால் நின்றவர்களில் ஒருவர் நம் எழுத்தாளர் சுஜாதா.

பழைய மெஷினில் நிமிஷத்துக்கு ஐந்து வோட்டுக்கு மேல் பதியாது. வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகக் குத்தித் தள்ளுகிறவனை மெஷின் காக்க வைக்கும். அதற்குள் போலீஸ் வந்துவிடலாம்.

வேகத்தைக் குறைத்து ஒரு கண்டுபிடிப்பு.

1982இல் கேரளத்துப் பரவூரில் 50 சாவடிகளில் முதல் தடவை. 1984இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மெஷின் பழுது என்றல்ல. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று. சட்டத்தைத் திருத்திய பிறகுதான் மறுபடி வெளியே வந்தது.

*

அடிபம்பு. இதைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

எழுபதுகளில் பாறைப் பகுதிகளில் போர் போட்டார்கள். தண்ணீர் வந்தது. மேலே மாட்டியது வார்ப்பிரும்புப் பம்பு. ஒரு குடும்பம் அடிக்கிற அளவுக்குச் செய்தது. ஊரே வரிசையில் நின்று விடியற்காலையிலிருந்து அடித்தால்? கைப்பிடி முறிந்தது. வாசர் போனது. அப்படியே நின்றது. கீழே தண்ணீர் இருக்க, பெண்கள் குடத்தோடு மறுபடி மைல்கணக்கில் நடந்தார்கள்.

சோலாப்பூர்ப் பக்கம் புது மாதிரி ஒன்று உருவானது. கைப்பிடியின் முனையில் ஒரு வளைவு, வளைவின்மேல் சைக்கிள் செயின் போல ஒரு சங்கிலி. உள்ளே இறங்குகிற கம்பியை அது நேராகத் தூக்கும், பக்கவாட்டில் இடிக்காது. தேய்மானம் குறையும்.

அதிலிருந்து இந்தியா மார்க் 2. யுனிசெஃப் கூடவே நின்றது. சென்னையில் செய்தார்கள், கோவைப் பக்கத்துக் கிராமங்களில் அடித்துப் பார்த்தார்கள்.

காப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆப்பிரிக்கா வரை போனது.

ஒரு குறை. அடியில் இருக்கிற தோல் வாசரை மாற்ற மொத்தக் குழாயையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு வேன், ஆட்கள். வேன் வரும்வரை ஊர் காத்திருக்கும்.

மார்க் 3இல் குழாயை அகலமாக்கினார்கள். பிஸ்டனை மட்டும் மேலே இழுத்துவிடலாம். ராஜஸ்தானில் பெண்களே பம்பு மெக்கானிக் ஆனார்கள். ஸ்பானர் அவர்கள் கையில்.

பம்பில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த அகலக் குழாய்தான்.

*

பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டன். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்று கல்லணையிலிருந்து கற்றுக்கொண்டார். கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டியபோது அந்தப் பாடத்தோடு போனார்.

அதற்கு முன் 1836இல் முக்கொம்பு மேலணை. 2018 ஆகஸ்டில் அங்கே கொள்ளிடத்தில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின.

அணையில் மதகு ஏற்றி இறக்குகிறவர், கிரீஸ் வைக்கிறவர், ராத்திரி நீர்மட்டம் பார்க்கிறவர் லஸ்கர். கல்வெட்டில் அவர் பெயர் இருக்காது.

முக்கொம்பு போனால் முதலில் அவரிடம் பேச வேண்டும். எந்தக் கதவு இறுகுகிறது, எது கசிகிறது, எப்போதிலிருந்து.