மூச்சை எண்ணுவது

குழந்தை வைத்தியம் என்பது பெரியவர்களுக்கான மருந்தைப் பாதியாக்கிக் கொடுக்கும் வித்தைதானே என்று, நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது நடந்த உபசார விழாவிலேயே ஒரு பிரமுகர் வேடிக்கையாகச் சொல்ல, சபையும் சிரித்தது. அதை அறியாமை என்று மன்னித்துவிட்டேன். இந்தத் தொழிலையே கற்றுத் தேர்ந்த இளம் வைத்தியர் ஒருவர், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கையில் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது காலவிரயமல்லவா என்று கேட்டதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இருமலும் ஜுரமுமாக வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இருப்பது தானே வந்து தானே போகும் ஜலதோஷம். நடுவே ஒன்றிரண்டுக்கு நிமோனியா இருக்கும். அந்த ஒன்றிரண்டைப் பிரித்தெடுப்பதில் ஸ்டெதாஸ்கோப்பை முழுக்க நம்ப முடியாது. கைக்குழந்தையின் சிறிய மார்பில் மூக்கடைப்பின் சப்தமே எங்கும் கேட்கும். நோய் பற்றிய இடமோ சில சமயம் சப்தமின்றி இருந்துவிடும். பாப்புவா நியூகினியில் பிராங்க் ஷான் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, மூச்சின் வேகத்தையும் கீழ் விலா உள்ளொடுங்குவதையும் கொண்டே தீர்மானிக்கும் வழியைக் காட்டியது; உலக சுகாதார ஸ்தாபனமும் அவ்வழியையே பின்னர் மேற்கொண்டது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிஷத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இவற்றை எட்டினால் வேகமூச்சு.

எண்கள் சுலபம், எண்ணுவதுதான் கஷ்டம். எங்கள் ஆசிரியர் அதை எங்களுக்குப் புகட்டிய விதத்தை இன்று எந்த மாணவனும் பொறுக்கமாட்டான். குழந்தையைத் தொடவே கூடாது. தாயின் மடியில் அது பால் குடித்து ஓய்ந்திருக்கும் வேளை பார்த்து, சட்டையை அவளையே மேலே தூக்கச் சொல்லி, எட்ட நின்று வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் மட்டுமே தொடர வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஏனெனில் சிசுவின் மூச்சு விரைந்து ஓடும், சற்றே நிற்கும், மறுபடி ஓடும். குழந்தை அழுதுவிட்டால் அதுவரை எண்ணியது அத்தனையும் வியர்த்தம். அடங்கும்வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவரும் பின்னால் நின்று மௌனமாக எண்ணுவார் என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. நாங்கள் சொல்லும் எண் அவருடையதோடு ஒவ்வாவிட்டால் வார்த்தை ஒன்றும் சொல்லாமல், கடிகாரத்தை மாத்திரம் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். வெளியே நோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருக்கும். அதைப்பற்றி அவருக்கு லவலேசமும் கவலையில்லை.

ஆக்ஸிமீட்டரை நான் பழிக்கவில்லை. ரத்தத்தின் பிராணவாயு அளவு நூற்றுக்கு 90-க்குக் கீழே இறங்கிய குழந்தைக்குப் பிராணவாயு கொடுக்க வேண்டுமென்பதை அதைப்போல் கண் சொல்லாது. ஆனால், அது 96 என்று காட்டும்போது, அந்த எண்ணைக் காப்பாற்றிக்கொள்ளக் குழந்தை எவ்வளவு பாடுபட்டு மூச்சு வாங்குகிறது என்பதைக் கருவி காட்டுமா? "வயிறு குதிக்குதுங்க டாக்டர்" என்று படிப்பறியாத பாட்டி சொல்வதில் அந்தச் செய்தி முழுமையாக இருக்கிறது.

இப்போதோ இரைச்சல் கேட்டால் உடனே முகமூடி மாட்டி நெபுலைசர். முதல் இரண்டு வயதில் வைரஸால் வரும் பிராங்கியோலைட்டிஸுக்கு அதனால் பெரும் பிரயோஜனமில்லை என்று பாடப்புத்தகமே சொன்னாலும் கேட்பாரில்லை. சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக். அதற்குத் துணையாக ஓர் இருமல் டானிக். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கலாகாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2023-இல் அறிவித்த பின்னரும், அந்த வயதுக் குழந்தைகளின் சீட்டுகளில் அதை நான் பார்க்கிறேன். வைத்தியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு நிமிஷம் முழுதும் எண்ணிவிட்டு, "மருந்து வேண்டாம், தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடு, மூச்சு வேகமானாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே எடுத்து வா" என்று நான் சொல்லியனுப்பியபோது, இதற்கா பீஸ் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் அநேகர்.