பிச்சாவரத்தில் ஒரு வழியனுப்பு

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால், கிள்ளையை அடுத்து வருகிறது பிச்சாவரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. 2022-ல் இதற்கு ராம்சார் ஈரநிலம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. எங்கெங்கிருந்தோ மக்கள் தேடி வருகிறார்கள். ஆனால், சுற்றுவட்டார விவசாயிகளில் படகே ஏறாதவர்கள் உண்டு.

என் நண்பரும் அவர் மனைவியும் அப்படித்தான். முப்பது வருஷமாகக் கடைமடையில் சம்பா நெல்லும், அது முடிந்ததும் உளுந்தும் போட்டவர்கள். மகளோடு இருப்பதற்காகச் செங்கல்பட்டுக்குக் குடிபோகிறார்கள். "ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி அந்தக் காட்டை ஒரு தடவை பார்த்துடணும்ண்ணே" என்றார் அந்த அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். நண்பரின் தம்பி மகனும் கூட வந்தான். அவர்களுடைய இரண்டரை ஏக்கரை இனிமேல் பார்த்துக்கொள்ளப் போவது அவன்தான்.

துடுப்புப் படகு எடுத்தோம். குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் போகும். இரண்டு கரையிலும் சுரபுன்னை. கிளைகளிலிருந்து வளைந்து இறங்கிய வேர்கள், மரத்துக்கு முட்டுக்கொடுத்ததுபோல் நிற்கின்றன. இதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து ஊன்றிக்கொள்கிறது. "நாற்றங்காலே வேணாம் போலிருக்கே!" என்று சிரித்தார் நண்பர்.

கொஞ்சம் உள்ளே வெண்கண்டல். அதன் வேர்கள் பென்சில் நட்டு வைத்ததுபோல் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு சுவாசிக்கின்றன. தாழ்ந்த கிளை ஒன்றின் இலையை விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தார் அந்த அம்மா. உப்புக் கரித்தது. வேர் வழியாக வந்த உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் பட்டால் கண் எரியும் என்பதால் தள்ளியே இருந்தோம்.

அதுவரை பேசாமல் வந்த பையன் வாயைத் திறந்தான். "பெரியப்பா, நம்ம கீழ்ப்பங்கு அரை ஏக்கர் உப்புப் பூத்துக் கிடக்கு. இறால் குட்டைக்குக் குத்தகை கேக்குறாங்க. கொடுத்துடலாமா?"

நண்பர் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். எனக்கு இந்தக் காட்டின் கதையைச் சொல்லத் தோன்றியது.

ஒரு காலத்தில் இங்கே பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். வெயில்பட்டு மண் அமுங்கி, அந்த இடங்கள் தொட்டிபோல் பள்ளமாயின. ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கியது; தண்ணீர் வற்றி உப்பு மட்டும் மிஞ்சியது. பிறகு அங்கே செடி முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து, மீன் முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினார்கள். தண்ணீர் வந்து வந்து வடிந்ததும் உப்பு இறங்கியது. நட்ட வெண்கண்டல் பிழைத்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது.

"அப்போ நம்ம கீழ்ப்பங்குல வடிகால் தூர்ந்து எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா. "நாலு வருஷம்" என்றார் நண்பர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. கரை வரும்வரை பெரியப்பாவும் மகனும் எந்த இடத்தில் வெட்டுவது, எந்த வாய்க்காலில் சேர்ப்பது என்றே பேசினார்கள். குத்தகைப் பேச்சு மறுபடி வரவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அதற்கு முதல் நாள், பையன் அரை கிலோ மண்ணோடு அலுவலகம் வந்தான். பரிசோதனையில் கார அமில நிலை 8.5-க்குக் கீழே, மின் கடத்துதிறன் 4-க்கு மேலே. அதாவது உவர் நிலம். களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம் வேண்டும். உவருக்கு முதல் மருந்து வடிகால். அதன்பின் மழைநீரையோ ஆற்று நீரையோ தேக்கித் தேக்கி வடிக்க வேண்டும். தண்ணீர் வசதியைப் பார்த்து, ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழச் சொன்னேன். குறித்துக்கொண்டு போனான்.

உப்புப் பூத்த நிலம் வைத்திருப்பவர்கள் குத்தகைக்கோ விலைக்கோ பேசுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளோடு ஒருமுறை பிச்சாவரமும் போய் வாருங்கள். சிதம்பரத்திலிருந்து பேருந்து உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் காலையில் போனால் நல்லது. குடிதண்ணீர் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக்கை அங்கே போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.