பிரேக் பேசுகிறது, கேளுங்கள்!

குழந்தையின் அழுகையைக் கேட்டதும் பசியா, வயிற்று வலியா என்று நமக்குப் புரிந்துவிடுகிறது அல்லவா? பிரேக் சத்தமும் அப்படித்தான், சகோதரிகளே!

என் கணவர் செல்லமாக வைத்திருப்பது பழைய ஸ்போர்ட்ஸ் கார். முன் சக்கரங்களில் டிஸ்க், பின்னால் டிரம். 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்புதான். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கு அக்கா முறை!

பரமத்தி வேலூரிலிருந்து கரூர் போக, காவிரிப் பாலத்தில் முன்னும் பின்னும் லாரிகள். “சத்தம்தானே!” என்பார் இவர். எனக்கு மனம் ஒப்பாது. அவர் மெல்ல ஓட்டி பிரேக் போடுவார். நான் மதிலோரம் நின்று எந்தச் சக்கரம் என்று கேட்டுச் சொல்வேன்.

காலையில் இரண்டு மூன்று தடவை மட்டும் உரசினால், அது இரவுப் பனியில் பிடித்த துரு. ஓடினால் போய்விடும். ‘கீச்’சென்று கத்தினால் தூசி சேர்ந்திருக்கலாம், அல்லது சூட்டில் லைனிங் கண்ணாடிபோல் வழவழத்து அதிரலாம். கழற்றிப் பார்க்க வேண்டும். ‘கரகர’வென்று இரும்பு அரைத்தால், பேடோ லைனிங்கோ தேய்ந்து தீர்ந்தது என்று அர்த்தம். வண்டியை எடுக்கவே கூடாது.

இன்னொன்று: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஊதாமல், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

சத்தத்தோடு பெடலும் தாழ்ந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பயணத்தை ஒத்திவையுங்கள். கரூர் எங்கே ஓடிவிடப் போகிறது?