குடியிருக்கும் வீட்டுக்கும் ஒரு வாடகை

பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தன். பூக்கடைகளில் காலை வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. அஞ்சடியில் உட்கார்ந்து மாலை கட்டுகிறவர்களின் கை ஓயவில்லை. மதிப்பீட்டு வரியைப் பற்றி விசாரிக்கக் கிளம்பிய நான், ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்குப் போகாமல் இங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. ‘சுக்காய் பிந்து’ என்று நாம் சொல்லிப் பழகிய இந்த வரியின் கணக்கு, ஒரு தெருவில் வீடும் கடையும் என்ன வாடகைக்குப் போகின்றன என்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

“வாடகையா? அதை மட்டும் கேக்காதீங்கண்ணே,” என்றார் ஒரு பூக்கடைக்காரர். கடை அவருக்குச் சொந்தமில்லை. வரி பில் கட்டடச் சொந்தக்காரர் பெயருக்குத்தான் போகும். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ‘வரி ஏறிடுச்சு’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்குமாம். “வரி எவ்வளவு ஏறிச்சுன்னு நமக்கு யார் காட்டுறா? வாடகையில முந்நூறு, நாநூறு வெள்ளி கூடும். அதுதான் தெரியும்.”

வரியைக் காட்டி வாடகை ஏற்றுகிறார்கள். ஏறிய அந்த வாடகையே அடுத்த மதிப்பீட்டுக்கு ஆதாரமாகிறது. இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர் மாலை கட்டுகிறவர்தான்.

இந்தத் தெருவின் வாடகை ஏன் இப்படி ஏறியது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். சுற்றிலும் நிமிர்ந்து பார்த்தாலே போதும். பழைய ரயில்வே யார்டு இருந்த 72 ஏக்கரில் எழுந்த கேஎல் சென்ட்ரல் 2001இல் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் இந்தப் பகுதி ‘லிட்டில் இந்தியா’ ஆனது; அப்போதைய பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் திறந்து வைத்தார்கள். 2014இல் என்யூ சென்ட்ரல் பேரங்காடி வந்தது. ரயில்வே தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் குடியிருந்த இடம், இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரிய போக்குவரத்து மையத்தின் வாசலாகிவிட்டது. அந்த மாற்றத்தில் இங்கே காலங்காலமாகக் குடியிருப்பவர்களின் கை எதுவும் இல்லை. அதன் விலை மட்டும் அவர்கள் வீட்டு பில்லில் வந்து நிற்கிறது.

ஜாலான் பெர்ஹாலா பக்கம் திரும்பி, ஒரு பழைய அடுக்குமாடியில் ஏறினேன். கதவைத் திறந்த அம்மாவின் கணவர் ரயில்வேயில் வேலை செய்தவர், காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். பில்களை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார். பழையதையும் புதியதையும் மேசையில் விரித்துப் பார்த்தோம். பார்க்க வேண்டிய விவரங்கள் மூன்றே மூன்று: ‘நிலாய் தஹுனான்’, அதாவது ஆண்டு மதிப்பு, அதன் கீழே ‘காடார்’, அதாவது விழுக்காடு, பிறகு அரையாண்டுக்குக் கட்ட வேண்டிய தொகை. அந்த அம்மா இத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வந்தது மூன்றாவதை மட்டும்தான். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான்.

ஆண்டு மதிப்பு என்றால் என்ன என்று விளக்கினேன். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மாநகர் மன்றம் போடும் கணக்கு அது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தீபகற்ப மலேசியாவில் ஜொகூர் மட்டும் சொத்தின் விலையை வைத்துக் கணக்கிடுகிறது. மற்ற மாநிலங்களில் வாடகைதான் அளவுகோல்.

“நான் வாடகைக்கு விடலையே தம்பி. நான்தானே குடியிருக்கேன்?”

இந்தக் கேள்விக்குச் சட்டம் தரும் பதில் கடுமையானது. வாடகைக்கு விட்டாலும் நீங்களே குடியிருந்தாலும் ஆண்டு மதிப்பு ஒன்றுதான். வாடகை வரவே வராத வீட்டுக்கு, வரக்கூடிய வாடகையைக் கணக்கிட்டு வரி. வருமானம் உள்ளவருக்கு அது ஒரு செலவு. கணவரின் பென்ஷனில் காலம் தள்ளும் ஒருவருக்கு, தன் சொந்த வீட்டிலேயே இருப்பதற்குக் கொடுக்கும் கட்டணம்.

2013 நவம்பர் இங்கே யாருக்கும் மறக்கவில்லை. 1992க்குப் பிறகு முதன்முறையாக, 21 ஆண்டுகள் கழித்து, கோலாலம்பூர் மாநகர் மன்றம் சொத்துகளை மறுமதிப்பீடு செய்து நோட்டீஸ் அனுப்பியது. ஆட்சேபணைக்குக் கடைசி நாள் டிசம்பர் 17. ஆண்டு மதிப்பு சில வீடுகளுக்கு இரண்டு மடங்கு, சிலவற்றுக்கு அதற்கும் மேல். நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேவை மையங்களில் மேசை போட்டு ஆட்சேபணைப் படிவங்களை வாங்கினார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகு விழுக்காட்டைக் குறைத்தார்கள்: குடியிருப்புக்கு 6லிருந்து 4, வணிகத்துக்கு 12லிருந்து 10.

‘குறைத்துவிட்டார்களே’ என்று அப்போது நிம்மதியடைந்தவர்கள் பலர். கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 500 வெள்ளி வாடகைக்குப் போகும் என்று மதிப்பிடப்பட்டிருந்த வீட்டின் ஆண்டு மதிப்பு 6,000. அதற்கு 6 விழுக்காடு என்றால் 360 வெள்ளி. அதே வீடு இப்போது 1,500 வெள்ளிக்குப் போகும் என்று எழுதினால் ஆண்டு மதிப்பு 18,000. 4 விழுக்காடு போட்டாலும் 720 வெள்ளி. விழுக்காடு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, கட்டும் பணம் இரட்டிப்பாகியிருக்கிறது. விழுக்காட்டை மட்டும் பேசுகிற எந்த அறிவிப்பையும் நான் முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை.

என்னைக் கேட்டால், வரி ஏறியதைவிடப் பெரிய தவறு அந்த 21 ஆண்டுகள்தான். சட்டத்தின் 137ஆம் பிரிவு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கச் சொல்கிறது. கூடவே, அந்தக் காலத்தை நீட்டிக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுக்கிறது. அந்த வாசல் வழியாக ஆண்டுகள் ஓடிவிட்டன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் குடும்பங்கள் சமாளித்திருக்கும். இருபது ஆண்டு ஏற்றத்தை ஒரே கடிதத்தில் நீட்டினால் யார் தாங்குவது? இந்தத் தயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் வீடுகளுக்கான வரி இன்னமும் 1991 ஏப்ரல் விலையை வைத்தே போடப்படுகிறது. சென்னையில் 2018இல் உயர்த்திய சொத்து வரியை 2019இல் நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2022 ஏப்ரலில் பழைய மாநகராட்சிப் பகுதியின் பெரிய வீடுகளுக்கு ஒரேயடியாக 150 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். சிங்கப்பூரோ ஆண்டுதோறும் மதிப்பைத் திருத்துகிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குத் தனி விகிதமும் வைத்திருக்கிறது. 2025 முதல் ஆண்டு மதிப்பில் முதல் 12,000 சிங்கப்பூர் டாலருக்கு அவர்கள் வரியே கட்ட வேண்டாம். பிஸ்கட் டின் அம்மா கேட்ட கேள்விக்கு அங்கே சட்டத்திலேயே பதில் இருக்கிறது. இங்கேயும் அது வர வேண்டும்.

யாரிடம் கேட்பது? கோலாலம்பூரில் 1952இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1965இல் நாடு முழுக்க ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவற்றை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் என்று அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976 சட்டத்தோடு நியமன உறுப்பினர்களே நிரந்தரமானார்கள். வரி விதிக்கிற மன்றத்தில் நம் ஓட்டை வாங்கி உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை. நம் குரலைச் சட்டப்படி பதிவு செய்ய மிஞ்சியிருக்கும் சில வழிகளில் ஒன்று அந்த ஆட்சேபணைக் கடிதம்.

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானில் இறங்கினேன். ஜாலான் தெங்கு கிளானாவில் அதே பூவாசம், அதே புடைவைக் கடைகள். நகராண்மைக் கழகமாக இருந்தது 2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. தகுதி உயர்ந்தது, வரியும் உயர்ந்தது என்று மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறார்கள். உண்மையில் சிலாங்கூர் மாநிலம் முழுவதும் 2025இல் தொடங்கி ஊராட்சி மன்றங்கள் வரியை உயர்த்தின. ஏற்றம் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மாநில அரசு வரம்பு வைத்தது. கோலாலம்பூர் 2013இல் கொடுத்த அதிர்ச்சியோடு ஒப்பிட்டால் இது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். பல பத்தாண்டுகளாகப் பழைய மதிப்பிலேயே வசூலித்து, குப்பை அள்ளுவதற்கும் சாக்கடை தூர்வாருவதற்கும் இன்றைய கூலி கொடுப்பது நடக்காத காரியம். ஊராட்சி மன்றங்களின் முதன்மையான வருமானமே இந்த வரிதான்.

ஆனால் தாமான் ஸ்ரீ அண்டாலாஸில் நான் நடந்த ஒரு தெருவில் அந்தச் சாக்கடையைப் பார்த்தேன். ஓரத்தில் மண் மேடிட்டு, புல் முளைத்து, தண்ணீர் நகராமல் கிடந்தது. வரிசை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் சுவரில் முட்டி உயரத்தில் படிந்திருந்த கறையைத் தொட்டுக் காட்டினார். “தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு. வருசா வருசம் பயம்தான். இதுக்கு எதுக்குங்க கூட வரி?”

அவருடைய கோபத்தில் ஒரு சட்ட ஆதாரமே அடங்கியிருக்கிறது என்பதை அவர் அறியவில்லை. 142ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபணை எழுப்ப, ‘என்னால் கட்ட முடியவில்லை’ என்பது காரணமாகாது. சேவை சரியில்லை என்பதும் ஆகாது. சொத்துக்கு உரிய மதிப்பைவிட அதிகமாக மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். தண்ணீர் ஏறும் தெருவில் வீடு என்ன வாடகைக்குப் போகும்? மேட்டுத் தெருவில் இருக்கும் அதே அளவு வீட்டைவிடக் குறைவாகத்தானே! அப்படியானால் ஆண்டு மதிப்பும் குறைய வேண்டும். கறையின் படம், அக்கம்பக்கத்து வாடகை ஒப்பந்தங்களின் நகல், விரிசல் விட்ட சுவரின் படம் ஆகியவற்றை இணைத்து எழுதும் கடிதத்துக்கு எடை உண்டு. வெறும் முறையீட்டுக்கு அந்த எடை கிடையாது. கேட்டதும் அவர் உள்ளே போய்ப் பழைய வெள்ளப் படங்களைக் கைப்பேசியில் தேட ஆரம்பித்துவிட்டார்.

அதே வீட்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்பக்கம் சமையலறையை மதில்வரை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். கிள்ளானில் பாதி வரிசை வீடுகள் இப்படித்தான். கட்டடத்தை விரிவாக்கினால் ஐந்து ஆண்டுக்குக் காத்திராமல் இடையிலேயே பட்டியலைத் திருத்த 144ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் வரி வித்தியாசப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது சமையலறையைத்தான்.

கடை மாடி காலியாகக் கிடக்கிறது என்று வருந்துகிறவர்களுக்கும் ஒரு செய்தி. குடியிருக்கத் தகுந்த நிலையில் பராமரித்து, நியாயமான வாடகை கேட்டும் ஆள் வராமல் ஒரு மாதத்துக்குக் குறையாமல் காலியாக இருந்தால், கட்டிய வரியில் அந்தக் காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கேட்க 162ஆம் பிரிவில் வழி இருக்கிறது. காலியானதும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் கோயிலுக்கு 134ஆம் பிரிவில் விலக்குக் கேட்கலாம். அதே கோயில் வாடகைக்கு விடும் மண்டபத்துக்கு அந்த விலக்கை எதிர்பார்க்க முடியாது. கோயில் நிர்வாகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனதும் பில்லை எடுங்கள். ஆண்டு மதிப்பைப் பன்னிரண்டால் வகுங்கள். அந்த வாடகைக்கு உங்கள் வீடு போகுமா என்று உங்கள் தெருவிலேயே நாலு பேரிடம் விசாரியுங்கள். போகாது என்றால், புதிய பட்டியல் நோட்டீஸ் வந்ததும் எழுதுங்கள், வக்கீல் தேவையில்லை. வயதான பெற்றோர் தனியாக இருந்தால் அவர்கள் பில்லையும் பாருங்கள். ஆட்சேபணை, விசாரணை நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே எழுத்தில் போய்ச் சேர வேண்டும். மன்றத்தின் முடிவு திருப்தி தராவிட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். முதல் அரையாண்டு வரிக்குக் கடைசி நாள் பிப்ரவரி இறுதி, இரண்டாவதற்கு ஆகஸ்டு 31; ஆட்சேபணைக்கான நாள் நோட்டீசிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.