குணம்

காய்ச்சல் விட்டவனிடம் எங்கள் ஊரில் 'குணமாயிருச்சா' என்று கேட்பார்கள். காரணமில்லாமல் சண்டைக்கு நிற்கிறவனைப் பற்றி 'அவன் குணம் அது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முதல் குணம் போய்த் திரும்பி வருவது. இரண்டாவது கூடவே பிறந்தது, கட்டையோடுதான் போகும் என்பது நம்பிக்கை. ஒரே சொல் இந்த இரண்டு வேலைகளையும் செய்வதைப் பற்றி ஐம்பது வயது வரை நான் யோசித்ததில்லை. இத்தனைக்கும் கதை எழுதுகிறவன்; 'குணச்சித்திரம்' என்ற சொல்லை ஒரு விமர்சனக் கட்டுரைக்குப் பத்துத் தடவை உபயோகித்தவன். யோசிக்க வைத்தது என் அய்யாவுக்கு வந்த வியாதி. வியாதியைவிட அதற்குக் கொடுத்த மாத்திரை.

ஊர் தேவாரம். மேற்கே ஊர் முடிந்து கொஞ்ச தூரத்தில் மலை ஆரம்பித்துவிடும். மேலே கேரளம், ஏலத்தோட்டங்கள். சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்தே ஏறி வேலைக்குப் போன தலைமுறை அய்யாவுடையது. உடும்பன்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பிறகு துணிந்து இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். 1983 வறட்சியில் செடிகள் காய்ந்துபோயின, குத்தகையும் போயிற்று. மறுபடியும் யாரோ ஒருவரின் கணக்கு நோட்டு. அதற்குப் பிறகு அவர் கையிலிருந்து ஒரு ரூபாய் அனாவசியமாக இறங்கி யாரும் பார்த்ததில்லை. கஞ்சன் என்று ஊரில் பெயர். அவர் அதை மறுத்ததுமில்லை.

2014 வாக்கில் அவருடைய எழுத்து சிறுக்க ஆரம்பித்தது. பால் கணக்கு எழுதுகிற நோட்டில் வரி தொடங்கும்போது ஒழுங்காக இருக்கும். போகப் போகக் கடுகாகி, வரி முடியுமுன் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். "பேப்பரை மிச்சம் பிடிக்கிறீங்களாக்கும்" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பே குறைந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் வந்தால்கூட முகம் பலகை மாதிரி இருந்தது. வயசாக ஆக மனிதர் இறுகிப்போகிறார் என்று எனக்கு நானே வியாக்கியானம் சொல்லிக்கொண்டேன். எழுத்துச் சிறுப்பதும் முகம் உறைவதும் ஒரே வியாதியின் அடையாளங்கள் என்பது மறுவருஷம் வலது கை நடுங்கத் தொடங்கி, மதுரையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது. பார்க்கின்சன் நோய்.

பிறகு கால். வீட்டு நிலையைத் தாண்டும் இடத்தில் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே சாயும், கால் வராது. ஆனால் மாடிப்படி ஏறுவதில் சிரமமே இல்லை. அவர் நடிக்கிறார் என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம் வந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன். விடை கண்டுபிடித்தது அம்மா. ஒரு மார்கழிக் காலையில் வாசல் கோலத்தின் கோடுகளை மிதிக்காமல் அவர் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறாள். அன்று முதல் நிலையிலிருந்து கிணற்றடி வரை கோலமாவால் குறுக்குக் கோடுகள், முழத்துக்கு ஒன்று. அய்யா நடந்தார்.

மருத்துவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். யோசிக்காமல் செய்கிற பழகிய காரியங்கள் மூளையின் அடியில் உள்ள முடிச்சுகளின் வழியாக ஓடுகின்றன. அந்த வழி பழுதானால் பழக்கம் நின்றுவிடும். கண்ணுக்கு முன்னால் ஒரு கோடு இருந்தால் கால் வேறு வழியாக உத்தரவு வாங்கிக்கொள்கிறது. நாற்பது வருஷம் மலையேறிய மனிதருக்கு நடை என்பது மறந்தே போயிருந்த வித்தை. இப்போது ஒவ்வொரு எட்டாக அதை நினைத்து நினைத்துச் செய்தாக வேண்டியிருந்தது.

நடுமூளையில் கருப்பாக ஒரு திட்டு இருக்கிறது. அதிலுள்ள செல்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரந்து மேலே அனுப்புகின்றன. அவை சாவதுதான் நோயின் மையம். நடுக்கம் வெளியே தெரிவதற்குள் பெரும் பங்கு செத்திருக்கும். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் ஆறு பேரை வைத்து இந்த நோயை விவரித்தபோது இதெல்லாம் தெரியாது. மருந்தின் கதைதான் எனக்கு அதிசயம். எங்கள் மலையடிவார வேலிகளில் பூனைக்காலி படர்ந்திருக்கும். அதன் நெற்றின் சுணையைச் சட்டைக்குள் போட்டு ஒருவரையொருவர் அரிக்கவிட்டு அடி வாங்கியிருக்கிறோம். அந்தக் கொடியின் விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937 இல் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது மூளைக்கு எதற்கு என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. டோபமைனுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்று ஸ்வீடனில் கார்ல்ஸன் காட்ட 20 வருஷம் ஆயிற்று. வாய்வழி மருந்தாக அது நோயாளிகளை எழுப்பி நடக்க வைத்தது 1967 இல். வேலியில் அரித்துக்கொண்டிருந்தது, கடைசியில் அய்யாவின் காலுக்கு வந்து சேர்ந்தது.

2016 இல் லெவோடோபாவோடு பிரமிபெக்ஸோல் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. முதலாவது மூளைக்குள் போய் டோபமைனாக மாறுவது. இரண்டாவது டோபமைனைப் போலவே நடிப்பது. அய்யா நன்றாகத் தேறினார். கடைக்குப் போனார். முகத்தில் அசைவு வந்தது. 'குணமாயிருச்சு போல' என்றார்கள் ஊரில்.

ஐந்து மாதம் கழித்து அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருப்பது தெரிந்தது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. மலைக்கு மேலே கேரளத்தில் 1967 முதல் அரசாங்கமே நடத்துகிறது, தினமும் குலுக்கல். காலையில் ஜீப்பில் தோட்டத்துக்குப் போகிறவர்களிடம் அய்யா பணம் கொடுத்தனுப்பியிருக்கிறார். முதலில் ஒரு சீட்டு, பிறகு பத்து, பிறகு கட்டுக்கட்டாக. அறுபதாயிரத்துக்கு மேல் போயிருந்தது. பீடி குடித்தவனுக்குக் கூலி முன்பணம் தர மறுத்த மனிதர்.

நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் பதில் மட்டும்: "அடிச்சா ஒனக்குத்தானடா." குரலில் கெஞ்சல் இல்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது, அது என்னைப் பயமுறுத்தியது.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு கதை எழுதினேன். ஆயுள் பூராவும் ஆசையை அடக்கிய ஒரு கிழவர், சாவு நெருங்கும்போது அணை உடைந்து சூதாடியாகிறார். பிராய்ட் படித்தவன் இல்லையா. சிக்கனம் என்பது தலைகீழான பேராசை என்று கதைக்கு உள்ளே ஒரு தத்துவமும் இருந்தது. இம்மாதிரிப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. நண்பர்கள் நாலைந்து பேர் கடிதம் எழுதினார்கள். மனித மனத்தின் இருண்ட பகுதியைத் தொட்டிருக்கிறேன் என்றார் ஒருவர்.

அடுத்த முறை மதுரை போனபோது வேறொரு மருத்துவர் இருந்தார். நாடியைப் பிடிப்பதற்கு முன்னாலேயே கேட்டார்: "பண விஷயத்துல, சாப்பாட்டுல, பழக்கவழக்கத்துல ஏதும் மாற்றம் உண்டுங்களா?" அம்மா அழுதாள். அவர் சாவதானமாகச் சொன்னார்: மாத்திரைதான் காரணமாக இருக்கும், மெதுவாகக் குறைத்து நிறுத்திவிடலாம். மாத்திரை அட்டையோடு வரும் துண்டுத் தாளில் பொடி எழுத்தில் அது அச்சாகியே இருந்திருக்கிறது. அதை நாங்கள் படிக்கவில்லை. படிக்கச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. 2010 இல் வெளியான ஓர் ஆய்வில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். சூது, அடங்காத செலவு, தீனி, காமம் இவற்றில் ஏதாவது ஒன்று 13.6 சதவீதம் பேரிடம் இருந்தது. இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இன்னும் அதிகம்.

காரணம் எங்கள் பக்கத்து விவசாயிக்கு உடனே விளங்கும். தேவாரம் வழியாகப் பதினெட்டாம் கால்வாய் போகிறது. கடைமடை காய்கிறது என்று மடையை முழுக்கத் திறந்துவிட்டால் தலைமடை வயல் மூழ்கிவிடும். மூளையிலும் டோபமைன் பாய்வது பல வாய்க்கால்களில். கை கால் அசைவுக்குப் போகிற வாய்க்கால் முதலில் வற்றுகிறது. ஆசை, எதிர்பார்ப்பு, பரிசு இவற்றுக்குப் போகிறது அவ்வளவாக வற்றுவதில்லை. காலுக்குச் சரியான அளவு ஆசைக்கு வெள்ளம். பிரமிபெக்ஸோல் பிடித்துக்கொள்கிற இடங்கள் அந்த இரண்டாவது வாய்க்காலில்தான் மிகுதி. நாலு மாதத்தில் சீட்டு வாங்குவது நின்றுவிட்டது. யாரும் உபதேசம் செய்யவில்லை.

ஆக, என் கதையின் இருண்ட பகுதி 1.5 மில்லிகிராம்.

குணத்தை வேண்டுமென்றே மாற்றப் பார்த்ததும் இங்கே நடந்திருக்கிறது. 1960களிலும் 70களிலும் சென்னையில் டாக்டர்கள் பாலசுப்பிரமணியம், கனகா, ராமமூர்த்தி ஆகியோர் மண்டையில் சிறு துளையிட்டு, அளந்து குறித்த இடத்துக்கு ஊசி மாதிரி ஒரு கருவியைச் செலுத்தி, அமிக்டலாவிலோ ஹைப்போதலாமஸிலோ மிகச்சிறிய புண் உண்டாக்கி, அடங்காத ஆவேசமும் துடியாட்டமும் கொண்டவர்களைச் சாந்தப்படுத்த முயன்றார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. இதே முறையால்தான் பார்க்கின்சன் நடுக்கத்தையும் நிறுத்தினார்கள். நடுக்கம் நின்றவர் நன்றி சொல்லியிருப்பார். சாந்தமான குழந்தையிடம் என்ன கேட்க முடியும்? கட்டிப்போட்டு வைத்திருந்த பெற்றோருக்கு அது குணம். குழந்தைக்கு அது குணமா என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய ஆளையே மாற்றியாகிவிட்டது. அந்த மருத்துவர்களைக் குற்றவாளியாக்கும் யோக்கியதை எனக்கில்லை. அய்யா விஷயத்தில் நானும் வீட்டுக்கு எது சௌகரியமோ அதைத்தான் அவருடைய உண்மையான குணம் என்று முடிவு செய்தேன்.

ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை. மாத்திரை நின்று ஒரு வருஷம் கழித்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், மலையைப் பார்த்தபடி சொன்னார்: "அந்த அஞ்சு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில எந்திரிக்கணும்னு இருந்துச்சு." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதற்குள் நடை மறுபடி கெட்டிருந்தது, முகமும் இறுகியிருந்தது. எது நோய், எது அவர், எது மருந்து என்று வரப்பு போட்டுப் பிரிக்க என்னால் முடியவில்லை.

2021 இல் அவர் போன பிறகு பெட்டியை ஒழித்தோம். ரப்பர் வளையம் போட்ட சீட்டுக்கட்டுகள். பாதிக்கு மேல் 83 இல் முடிகிற எண்கள். அம்மாதான் கவனித்தாள். எதுவும் சொல்லாமல் என்னிடம் நீட்டினாள்.

சென்னை ஐஐடியில் 2022 இல் தொடங்கிய மூளை ஆராய்ச்சி மையம், 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய தகடுகளாக்கி, 5,132 படங்களை முப்பரிமாணமாக வெளியிட்டது. பார்த்தேன். செல் செல்லாகத் தெரிகிறது. வாய்க்கால்களின் தடம் இனி இன்னும் துல்லியமாகத் தெரியும். வெள்ளம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளம் ஏன் மலைக்கு மேலே இரண்டு ஏக்கரைத் தேடிப் போயிற்று என்பதற்கு அய்யா வாழ்ந்த வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை மடையைத் திறந்தது. நிலத்தின் சரிவு அவருடையது.

என் கதைகளைத் தொகுக்க ஒரு நண்பர் முன்வந்திருக்கிறார். அந்தக் கதையும் வேண்டும் என்கிறார், என் கதைகளில் அதுதான் நன்றாக வந்தது என்கிறார். கொடுக்கவில்லை. மாத்திரையைச் சேர்த்துத் திருத்தி எழுதலாமே என்றார். எழுதிப் பார்த்தேன். மாத்திரையைச் சேர்த்தால் கிழவர் காணாமல் போகிறார். எடுத்தால் அய்யா காணாமல் போகிறார். மூன்று முறை முயன்று விட்டுவிட்டேன்.

அம்மா இப்போதும் வாசலில் குறுக்குக் கோடு போடுகிறாள். கை பழகிவிட்டது என்கிறாள்.