தலைமைக்கு அழகு

ஓட்டப் பந்தயத்தில் வென்றவர் யார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். கணக்கில் முதல்வர் யார் என்பதை விடைத்தாள் சொல்லிவிடும். ஆனால் "சிறந்த தலைவி" யார் என்பதை எது சொல்லும்? பள்ளிகளும் கல்லூரிகளும் ஆண்டுதோறும் சிலரைப் பொறுக்கி எடுத்துச் சட்டையில் பட்டயம் குத்தி, சான்றிதழ் வழங்கி, கைதட்டி மகிழ்கின்றன. அப்படிப் பாராட்டுவது நல்லதே. ஆயினும் அந்தப் பாராட்டு எதை அளந்து தரப்படுகிறது என்று நாம் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அன்புத் தோழியரே! சிறந்த மாணவர்களைத் தேர்ந்து ஒரு சங்கமாகச் சேர்த்துக் கௌரவிக்கும் வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் நெடுங்காலமாக உண்டு. அவற்றுள் மிகப் பழமையானது ஃபை பீட்டா கப்பா என்னும் சங்கம். 1776-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்து வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் அது தொடங்கப்பட்டது. அமெரிக்கா தன் சுதந்திரத்தை அறிவித்ததும் அதே ஆண்டில்தான். மனிதர் யாவரும் சமம் என்று அந்நாடு உலகுக்கு முழங்கியது. ஆனால் அந்தச் சங்கத்தின் கதவு பெண்களுக்குத் திறக்க 99 ஆண்டுகள் ஆயின! 1875-இல்தான் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக இரண்டு பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். 1877-இல் அதே பல்கலைக்கழகத்தில், அடிமையாகப் பிறந்த கறுப்பின மாணவர் ஒருவரும் சேர்க்கப்பட்டார். அந்த 99 ஆண்டுகளில் அறிவுள்ள பெண் ஒருத்தியும் பிறக்கவில்லையா? பிறந்திருப்பார்கள். தேர்ந்தெடுப்பவர்களின் கண்களுக்குத்தான் அவர்கள் தெரியவில்லை.

நம் நாட்டுக் கல்லூரிகளில் அதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்க பெருமை நாட்டு நலப்பணித் திட்டத்திற்கு உண்டு. அண்ணல் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இத்திட்டம் தொடங்கப்பட்டது. இதில் சேர்பவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றில் தங்கிப் பணியாற்ற வேண்டும். கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச்சக்கரமே இதன் சின்னம். சக்கரத்தின் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் எட்டுச் சாமங்களை, அதாவது இருபத்து நான்கு மணி நேரமும் தொண்டுக்கு ஆயத்தமாயிருப்பதைக் குறிக்கின்றன. "எனக்காக அல்ல, உனக்காக" என்பதே இதன் குறிக்கோள். 1993-94 முதல் சிறந்த தொண்டர்களுக்கு மத்திய அரசே விருது வழங்கத் தொடங்கியது. இங்கே மதிப்பெண் முதன்மையல்ல, தொண்டே முதன்மை. ஆனாலும் தொண்டை அளப்பது மதிப்பெண்ணை அளப்பதைவிடக் கடினம் என்பதை என் அக்காளின் வாயிலாக நான் அறிந்துகொண்டேன்.

அக்காள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளும் நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டர். சென்ற ஆண்டு நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர்களுக்கு ஏழு நாள் முகாம் நடந்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டு, காலையில் சீமைக் கருவேல முட்களை வெட்டினார்கள். பிற்பகலில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். மாலையில் கலை நிகழ்ச்சி நடத்தினார்கள். வீட்டில் கழிப்பறை உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, பாதியில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் உண்டா என்பவை கணக்கெடுப்புப் படிவத்தில் இருந்த கேள்விகள்.

மூன்றாம் நாள் மாலை கணக்கெடுப்பு முடிந்தது என்று அறிவித்தார்கள். அப்போது ஒரு மாணவி மெல்ல எழுந்து நின்றாளாம். வணிகவியல் படிப்பவள், தறி ஓட்டுபவரின் மகள், அதிகம் பேசாதவள். "ரேஷன் கடையில் இருக்கும் குடும்ப அட்டைகளைவிட நம் கணக்கில் வீடுகள் குறைவாக இருக்கின்றன. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனிக்கு யாரும் போகவில்லை. செங்கல் சூளையில் இருப்பவர்களையும் எழுதவில்லை" என்றாள். அனைவரும் களைத்திருந்தனர். ஓடைக்கு அப்பால் நல்ல பாதையும் இல்லை. "போதும், விட்டுவிடலாம்" என்று சிலர் சொன்னார்கள். அவள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை, கட்டளையும் இடவில்லை. "நாளைக் காலையில் நான் போகிறேன். வருகிறவர்கள் வரலாம்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவளோடு மூவர் போனார்கள். அவர்களுள் என் அக்காளும் ஒருத்தி.

காலனியில் ஒரு பாட்டி அவர்கள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, எங்க ஊட்டையும் எழுதிக்குவீங்களா? எழுத வர்றவங்க எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கமே திரும்பிக்கிறாங்களே!" என்று கேட்டாராம். அந்தச் சொல்லைக் கேட்டு அக்காளுக்குக் கண்கள் கலங்கிவிட்டன. அந்தப் பாட்டியின் பேத்தி எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள். தாயில்லாத வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளைவிட்டால் ஆளில்லை. முகாம் முடிவதற்குள் திட்ட அலுவலரும் அவ்வூர்த் தலைமையாசிரியரும் பேசி, தம்பியை அங்கன்வாடியிலும் அவளை ஒன்பதாம் வகுப்பிலும் சேர்க்க ஏற்பாடு செய்தார்கள். கடைசி நாள் கலை நிகழ்ச்சியைப் பள்ளிக்கூட வாசலில் நடத்தாமல், இரு பக்கத்தாரும் வந்து அமரக்கூடிய ஓடைக்கரைத் திடலில் நடத்தலாம் என்று சொன்னதும் அந்த மாணவிதான். இரு பக்கத்தாரும் வந்தார்கள்.

முகாமின் நிறைவு விழாவில் சிறந்த தொண்டருக்கான பரிசு அறிவிக்கப்பட்டது. மேடை நிகழ்ச்சிகளை எல்லாம் அழகாகத் தொகுத்து, நன்றியுரையும் ஆற்றிய வேறொரு மாணவிக்கு அது கிடைத்தது. "அவளும் நன்றாக உழைத்தவள்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை" என்றாள் அக்காள். ஆனால் பேருந்து புறப்படும் வேளையில், வேகவைத்த நிலக்கடலையை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்த அந்தப் பாட்டி, "குச்சியாட்டம் ஒரு அம்மிணி இருக்குமே, அது எங்க கண்ணு?" என்று ஒவ்வொரு சன்னலாகக் கேட்டுக்கொண்டு வந்தாராம். மேடையில் ஒருத்தியின் பெயர் சொல்லப்பட்டது. மக்கள் மனத்தில் இன்னொருத்தியின் முகம் பதிந்தது. இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அக்காள் இதை வீட்டில் சொன்னபோது அப்பா ஒரு வார்த்தை சொன்னார். அவர் லாரி ஓட்டுபவர். "வண்டியைப் பின்னால எடுக்கறப்ப ஓட்டறவனுக்கு எல்லாமே தெரிஞ்சிடாது சாமி. கீழ இறங்கிப் பின்னால நிக்கற கிளீனர் 'வரலாம், வரலாம்'னு சொல்றதுதான் கணக்கு. பரிசு குடுக்கறவங்களும் பின்னால நிக்கற ஆளை ஒரு வார்த்தை கேட்டுக்கணும்" என்றார். இதைவிடத் தெளிவாக நான் என்ன எழுத முடியும்?

படிப்பில் முதன்மை பெற்றவர்கள், விட்டுப்போனவர்களைத் திரும்பிப் பார்த்ததனால் வரலாறே மாறியதுண்டு. நம் தமிழகத்திலேயே அதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. இருவரும் 1886-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள்.

ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறுமியாக இருக்கும்போதே விதவையானவர். சென்னையில் கன்னியர் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்ட்டில் பயின்று, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே. அந்தப் பட்டத்தை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு அவர் அமர்ந்துவிடவில்லை. தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துத் தங்க வைத்துக் கல்வி கற்பித்தார். அந்த விடுதி பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. அங்குப் படித்த பெண்கள் பலர் ஆசிரியைகளாகி வெளியே வந்தனர். துறவற சபை எதிலும் சேராமலேயே மக்கள் அவரைச் "சிஸ்டர்" என்று அழைத்தனர் என்றால் அவருடைய தொண்டின் பெருமையை என்னென்பது! ஆனால் அக்காலச் சூழ்நிலையில் அந்த விடுதி பிராமணக் குலத்து விதவைகளுக்கென்றே ஏற்பட்டிருந்தது. ஒரு கதவு திறந்தது. அதற்கு வெளியே இன்னும் பலர் நின்றனர்.

மற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம். தாயார் பிறந்த குலம் மற்றொரு காரணம். மன்னர் துணை நின்றதால் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் சிறப்பாகத் தேறினார். சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகவும், அதன் துணைத் தலைவராகவும் உயர்ந்தார். தேவதாசி முறையிலிருந்து வெளியேறி அடைக்கலம் தேடி வந்த சிறுமியரை ஏற்க விடுதிகள் மறுத்தபோது, தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1930-இல் அவ்வை இல்லம் இப்படித்தான் பிறந்தது. அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் உருவாகக் காரணமானவரும் அவரே. தமக்கு ஒரு காலத்தில் சாத்தப்பட்ட கதவை அவர் மறக்கவில்லை. அதனால்தான் பிறருக்குச் சாத்தப்பட்ட கதவு அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

தோழியரே, நம் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். லாரி ஓட்டுநரின் மகளும், லாரி உரிமையாளரின் மகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம். கோழிப்பண்ணை வைத்திருப்பவர் மகள், சேகோ ஆலையில் கிழங்கு உரிப்பவர் மகள், வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளியின் மகள் ஆகிய எல்லாரும் இங்கு உண்டு. திருப்பலிக்குச் செல்பவர்களும், கோயிலுக்குச் செல்பவர்களும், தொழுகை செய்பவர்களும் உண்டு. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்து, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தலை கவிழ்பவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் தலைவியாக ஒருத்தியை நாம் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறோம். குரல் கணீரென்று இருக்கிறதா, ஆங்கிலம் சரளமாக வருகிறதா, உயரமாக இருக்கிறாளா என்று பார்க்கிறோம். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவை மட்டும் போதுமா என்றே கேட்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தலைவி, படிப்புக் குழுக்கள் அமைக்கும்போது முதல் பத்து இடம் பெறுபவர்களை ஒரே குழுவில் சேர விடவில்லை. குழுவுக்கு இருவராகப் பிரித்துவிட்டாள். முதலில் முணுமுணுப்பு எழுந்தது. சிலருடைய பெற்றோரும் வந்து கேட்டனர். அவளோ சிரித்துக்கொண்டே, "பிறருக்குச் சொல்லிக் கொடுத்தால் நமக்கு மறக்காது" என்றாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறியவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. முதல் பத்து இடத்தில் இருந்தவர்களுக்கும் ஒரு குறையும் வரவில்லை. பரிசுப் பட்டியலில் இதற்கென்று ஓர் இடம் இல்லை. இருந்தால் நன்று.

ஆகையால் என் சிற்றறிவுக்குத் தோன்றும் ஒரு யோசனையை இங்கே பணிவுடன் வைக்கிறேன். தலைவியைத் தேர்ந்தெடுக்கும்போதும், சிறந்த மாணவி என்று பாராட்டும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்போம். கடைசி பெஞ்சில் இருப்பவளின் பெயரும் ஊரும் இவளுக்குத் தெரியுமா? ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவளோடு முதலில் சென்று பேசியவள் யார்? இவள் இல்லாத நாளில் விடுதி மாணவிகளும் ஆயாம்மாவும் இவளைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? விடை சொல்ல வேண்டியவர்கள் முன்வரிசையில் இருப்பவர்கள் அல்லர், பின்வரிசையில் இருப்பவர்களே.

நம் ஆண்டவர் இயேசு இறுதி இராவுணவின்போது மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவினார். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனும் அந்தப் பந்தியில்தான் இருந்தான். அவனை மட்டும் விட்டுவிட்டு அவர் கழுவவில்லை. ஒருவரையும் விடாமல் குனிவதற்குப் பெயர்தான் தலைமை என்பதை இதைவிட யார் விளக்க முடியும்?

தோழியரே! நாளை நம்மில் பலர் கல்லூரிக்குச் செல்வோம். சிலர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்வோம்; சிலர் மாணவர் தலைவியராகவும் வருவோம். அன்று நம் கையில் ஒரு பட்டியல் தரப்படுமானால், அதில் இருக்கும் பெயர்களைப் படிப்பதோடு நிற்க வேண்டாம். விட்டுப்போன பெயர் எது என்று தேடுவோம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஒரு தெருவை விட்டுவிட்டு இழுத்தால் அது ஊர்த் தேர் ஆகாது. யாரையும் விட்டுவிடாத நெஞ்சத்தை இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி