ஆகஸ்ட் 1 கணக்கு

எங்க ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு இன்னிக்குப் போயிருந்தேன்.

பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க நிறைய பேர். வீட்டுல ஒடியா, இந்தி.

டீச்சர் சொல்றதை ஒரு ஆறாங்கிளாஸ் பொண்ணு பக்கத்துப் பையனுக்கு ஒடியால சொல்லிக்கிட்டே இருக்கா. தன் நோட்டுல பாதிதான் எழுதியிருக்கா.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஆறுலேருந்து எட்டு வரை 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்.
ஆகஸ்ட் 1 அன்னிக்கு இருக்கிற பிள்ளைங்க எண்ணிக்கையை வச்சுத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகுது.
எண்ணிக்கை குறைஞ்சா ஆசிரியரை ‘உபரி’ன்னு வேற பள்ளிக்கு மாத்திடுவாங்க.
தீபாவளிக்கு அப்புறம் வந்து சேர்ற பிள்ளைங்க அந்தக் கணக்குலயே வர்றதில்ல.

தலையை எண்ணுறோம், சரி.
தமிழே புதுசா இருக்கிற பிள்ளைக்குக் கூடுதலா ஒரு டீச்சர் வேணும்னு யாரு எண்ணுறது?